மேஜையில் இரண்டு தட்டு

தனியறையில் என்னை யார் தட்டிக் கூப்பிடுவார்கள் என்றுதான் சுகந்திக்கு முதலில் தோன்றியது. புது இயக்குநர் மேஜைமேல் வைத்த சாவியில் அவள் பெயர் எழுதிய அட்டை கட்டியிருந்தது. நல்ல மனிதர். அவளுக்குக் காது கேட்காது என்பதால், உதடு தெரியும்படி நேராக நின்று நிதானமாகப் பேசினார்.

"உங்களுக்குன்னே ரெடி பண்ணச் சொன்னேம்மா. யாராவது வந்தா உள்ள லைட் எரியும். இந்தச் சந்தைக்கடையில எதுக்குக் கஷ்டப்படணும்?"

நிலநடுக்கத்தைப் பதியும் கருவிகளைச் சோதிக்கிற அந்த அரசு ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்குமாக ஒரே நீள மேஜை. பேசுவதற்கு முன் அதை இரண்டு முறை தட்டுவார்கள். அவள் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். ஜெபராஜ் விரல்முட்டியால் தட்டுவான், நஸீமா மோதிரத்தால். சோதனை நடக்கும்போதும் மறந்துபோய்த் தட்டிவிடுவார்கள். அதிர்வைக் கருவி பதியும் வரைபடத்தில் அப்போது எழும்பும் இரட்டை முனைக்கு 'சுகந்தி, காபி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவள் விடுப்பில் இருந்த வாரத்து வரைபடங்களிலும் அது இருந்தது.

மோதிரம் தட்டியது. திரும்பினாள்.

"ஏசி ரூமாக்கா? அப்ப நாங்களும் மூட்டையக் கட்டிட்டு வந்துடறோம்" என்றாள் நஸீமா. சிரிக்கத்தான் பார்த்தாள், உதடு சரியாக விரியவில்லை.

சுகந்தி சாவியை இயக்குநர் பக்கமாக மெல்ல நகர்த்தினாள். பிறகு மேஜையை இரண்டு முறை தட்டினாள். எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"வேண்டாம் சார். எனக்கு இங்கதான் நல்லாக் கேக்குது."