முதுகுப் பக்கம்

வெல்டரும் அவன் தம்பியும் அந்த வாள்சண்டை கேமை ஆடியதெல்லாம் கூட்டணி சர்வரில்தான். அங்கே எல்லோரும் ஒரே கட்சி. அரக்கர்களைத்தான் வெட்ட வேண்டும். தம்பிக்காரன்தான் கெஞ்சிக் கூத்தாடி, யாரும் யாரையும் வெட்டலாம் என்கிற சண்டை சர்வருக்கு இழுத்துப் போனான். போன முதல் நாளே, பாலத்தடியில், அண்ணன் முதுகில் குத்திவிட்டுச் சிரித்தான். வெல்டர் பேச்சை நிறுத்தினான். அந்தக் கோபம் ஆறுவதற்குள் தம்பி லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான்.

"விளையாட்டுக்குப் போய் கூடப்பிறந்தவன்கிட்ட யாராவது பேசாம இருப்பாங்களா?" என்றாள் மனைவி.

"குத்துனவன விட்டுட்டு என்னைக் கேக்க வந்துட்டா!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். எந்த சர்வர் என்று திரை கேட்டது. சண்டையையே அழுத்தினான். அதே பாலத்தடிக்குப் போய், வாளை உறையில் போட்டு, முதுகைக் காட்டி நின்றான்.

"வாடா, இன்னொரு தரம் குத்து பாக்கலாம்!"

வாளோடு ஒருவன் பின்னாலிருந்து ஓடிவந்தான். கிட்டே வருமுன் சுருண்டு விழுந்தான். அடுத்து வந்தவனும் அப்படியே விழுந்தான். மதியத்துக்குள் பாலத்தடியில் கால் வைக்க இடமில்லை. வெல்டர் திரும்பிப் பார்த்தான். பிணங்களைத் தவிர முதுகுப் பக்கம் யாருமே இல்லை.

"இப்ப வந்து காவல் நிக்கிறியா, நாயே!" என்று மேசையில் ஓங்கிக் குத்தினான்.

பாலத்தடியில் இன்னொருவன் விழுந்தான்.