ஒன்பது நிமிடம்

“சத்தியமா சார், போனை வைக்கிறதுக்குள்ள வண்டியை அனுப்பிட்டேன்” என்றாள் அந்தப் பெண், வந்ததிலிருந்து நாலாவது தடவையாக.

கணினி பழுதுபார்க்க வந்தவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் அழைப்பு வந்த நேரத்தைக் கீழ்த்தளத்துக் கணினி பதிவு செய்யும். வண்டியை அனுப்பிய நேரத்தை இவள் மேசைக் கணினி பதிவு செய்யும். இரண்டுக்கும் நடுவே ஒன்பது நிமிடம் காட்டியது. நோயாளி வழியிலேயே இறந்துபோக, வீட்டார் புகார் கொடுத்துவிட்டார்கள்.

கடிகாரம் சரிதான் என்று இவர் எழுதிக் கொடுத்தால் அவள் வேலை போகும். வழக்கும் வரும்.

கீழே இருந்த கணினியை முதலில் பார்த்தார். துளி பிசகில்லை. அந்தத் தெம்போடுதான் மேலே ஏறி வந்தார்.

இவள் கணினியின் திரை முழுவதையும் வரைபடம் அடைத்துக்கொண்டிருந்தது. அதை விலக்கி, மூலையில் ஒளிந்திருந்த மணியைப் பார்த்தார். தன் கைபேசியைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

ஒன்பது நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

யாரைக் கேட்டு நேரத்தைத் திருத்திக்கொள்கிறாய் என்று கணினியிடம் விசாரிக்க ஒரு கட்டளை உண்டு. அடித்தார். யாரையும் கேட்கவில்லை என்றது. பாதுகாப்புக்கென்று புதிதாகப் போட்ட ஃபயர்வால் நேரம் கேட்கும் வழியை மறித்துவிட, மாதக்கணக்கில் அது தன் இஷ்டத்துக்கு ஓடியிருக்கிறது.

அப்படியென்றால் அவள் சொன்னது நிஜம். நெட்வொர்க் கம்பியைப் பிடுங்கிச் செருகினார். திரும்பவும் அதே கட்டளை, திரும்பவும் அதே பதில்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்ற அவளுக்குத் திரை தெரியவில்லை. முன்பின் தெரியாதவர் தனக்காக இப்படி மெனக்கெடுகிறாரே என்று கண் கலங்கிவிட்டது. ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அதை அவர் தொடவில்லை.

ஃபயர்வாலில் வழியைத் திறந்துவிட்டு, நேரத்தை ஒத்திசைக்கும் பொத்தானை அழுத்தினார். கண் இமைப்பதற்குள் ஒன்பது நிமிடமும் காணாமல் போனது.

“கடிகாரத்தில் குறை எதுவும் இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் படித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். “ஒருவேளை நான்தான் அப்படியே உக்காந்துட்டேனோ” என்று தனக்குத் தானே முணுமுணுத்தாள்.

பாவம் என்றுதான் அவருக்கும் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்து, புகார் கொடுத்தவனைப் போனில் கூப்பிட்டார்.

“அண்ணே, அந்தப் பொண்ணுதான் லேட் பண்ணியிருக்கா. உன்மேல ஒரு தப்பும் இல்ல. இனிமேலாவது ரெண்டு வாய் சாப்பிடு.”

நெஞ்சைப் பிடித்துக்கொண்ட அம்மாவை, வாயுதான், படு என்று சொல்லிவிட்டு, மேட்ச் முடிந்த பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட கூடப்பிறந்த அண்ணன், அம்மா போனதிலிருந்து முதல்முறையாக வாய்விட்டு அழுதான்.