வேறு பெட்டி

“கையை ஆட்டாதீங்க சார்!” நர்ஸ் மூன்றாவது முறையாக அதட்டினாள்.

அவருடைய இடது உள்ளங்கையைக் கண்ணாடி கிழித்திருந்தது. ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தும், பேண்டேஜைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

“இது இறால் ஓட்டிலேர்ந்து எடுக்கிற கைட்டோசான்தானே?”

“ஆமா. வச்சதும் ரத்தம் நின்னுடும். ஏன், நீங்க சைவமா?”

“அதெல்லாம் இல்ல சிஸ்டர். எந்தத் தேதியில பண்ணதுன்னு பாருங்க.”

“ரத்தம் கொட்டுது, இவருக்கு நாள் பார்க்கணுமாம்!” நர்ஸ் பேண்டேஜ் பெட்டியைத் திருப்பினாள். “போன மாசம் முப்பத்தொண்ணு.”

“மாசக் கடைசியா? ஐயையோ, வேற பெட்டி எடுங்க.”

“காலையிலேர்ந்து பதினஞ்சு பேருக்குப் போட்டாச்சு. ஒருத்தராவது வாயைத் திறந்தாங்களா? இதோ, தரம் பார்த்து அனுப்பினதா உள்ளே சீட்டே இருக்கு. கையெழுத்தைப் பாருங்க!”

“வேண்டாம்னா விடுங்களேன்.”

நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. வெறும் துணியை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டு, ஒரு தாளை நீட்டினாள்.

“அப்போ, வேண்டாம்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்.”

அவர் வலது கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நர்ஸ் அந்தத் தாளையும் பெட்டிக்குள் இருந்த சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே கையெழுத்து.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அன்னிக்கு லாரி கிளம்புற அவசரம் சிஸ்டர். சீட்டுல மொத்தமாக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன், ஒரு பேண்டேஜைக்கூட எடுத்துப் பார்க்கல.”