கொலைகாரனின் குரல்

கொரியாக்காரன் எடுக்கிற கொலைத் தொடர்களைத் தமிழில் பேச வைத்துப் போடுகிறார்களே, அதில் நான் குரலை மட்டும்தான் கவனிப்பேன். மெத்தென்று ஒரு குரல் உண்டு. எந்தத் தொடரானாலும் கொன்றவனுக்கு அந்தக் குரல்தான். முதல் நாளே கண்டுபிடித்து வாயைத் திறப்பேன். "சொல்லாதீங்க தாத்தா, நானே பார்த்துக்குறேன்," என்று பேத்தி யாழினி கத்துவாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு ஏதோ ஸ்டுடியோவில் வேலை என்றார்கள். "வணக்கம் தாத்தா," என்றான். அதே குரல்.

"நீதானே எல்லாரையும் கொல்றவன்?" என்றேன்.

"அப்பா!" என்று மகன் பல்லைக் கடித்தான்.

பையன் சிரித்தான். "ஆமா தாத்தா, டப்பிங் பேசுறேன். வில்லன்னாலே என்னைத்தான் கூப்பிடுவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். யாழினிக்கு அவனைப் பிடித்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது. நான் சிரிக்கவில்லை.

"இதுக்கு முன்னாடி வேற பொண்ணு யாராச்சும் உண்டா?"

"அப்படி யாரும் இல்லை தாத்தா."

ஒவ்வொரு தொடரிலும் போலீஸிடம் இப்படித்தான் சொல்வான், இதே மாதிரி நிதானமாக, நம்பும்படியாக. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தேன்.

"சொல்லாதீங்க தாத்தா," என்றாள் யாழினி மெதுவாக. "நானே பார்த்துக்குறேன்."