கண்ணாடித் தொட்டியின் பாசி

மனோஜ்குமார் முழங்கைவரை உப்புநீரில் விட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தொட்டிக்குள் இருக்கும் பாறையைத் தேய்க்கிறான். முடிமுடியாய் முளைத்த பச்சைப் பாசி கழன்று மிதக்கிறது. இடது கையில் பிடித்த குழாய் அதை உறிஞ்சி வாளியில் துப்புகிறது. வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன் அவன் விரலை முட்டுகிறது. “இரு சின்னு, முடிஞ்சிருச்சு,” என்கிறான். பின்னால் நிற்கும் அவன் மனைவி சுசித்ராவுக்குச் சுருக்கென்கிறது. கல்யாணமான புதிதில் அவன் அவளைக் கூப்பிட்ட பெயர் அது. மலைக் கோயிலுக்குப் போகவென்று அவள் உடுத்திய பட்டு கசங்குகிறது, மார்க்கெட்டில் வாங்கிச் சூடிய மல்லிகை வாடுகிறது.

“ஏனுங்க, மாதேஸ்வரன் மலை பஸ் போயிருச்சு.” “அடுத்த வாரம் போலாம். இதுங்களப் பாரு, பாவம்.” “எனக்கும் ஒரு வால் இருந்திருந்தா கூட்டிட்டுப் போயிருப்பீங்க.” அவன் திரும்பாமலே சிரிக்கிறான். “தீனியைப் பாதியாக்கிட்டேன், லைட்டும் சாயங்காலம் மட்டுந்தான். எப்படித்தான் முளைக்குதோ.” தொட்டியைக் கழுவப் போட்ட நீலவெளிச்சம் அவன் கன்னத்தில் அசைகிறது. மூக்கு கண்ணாடியை உரசுகிறது. இத்தனை நெருக்கமாக அவன் அவளருகே வந்து ஒரு மாதம் ஆகிறது. பாசி மூடினால் வெறுத்துப்போய்த் தொட்டியை விற்றுவிடுவான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சுசித்ரா சுவரோரம் போய் சுவிட்சை அணைக்கிறாள். தண்ணீர் கறுக்கிறது.

“இனிமே நீங்க இல்லாதப்ப பகல்ல லைட் எரியாதுங்க. பாசியும் வராது.”

பிரஷ் நின்றுவிடுகிறது. காலையிலிருந்து முதல்முறையாக அவன் அவளைத் திரும்பிப் பார்க்கிறான்.