வெள்ளைப் பின்னணி

“தாடையைக் கொஞ்சம் இறக்குங்க,” என்றார் ஸ்டுடியோக்காரர்.

நிலா இறக்கவில்லை.

மொட்டைமாடியில் குளிர் எலும்பைக் கடித்தது. தன் வாயிலிருந்து அந்தச் சொற்கள் புகையாகக் கிளம்பிப் போவதைப் பார்த்த பிறகுதான், யாரிடம் பேசினோம் என்பது அவருக்கு உறைத்தது. இருபது வருடமாகப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற வாய். எதிரே வட்டமாக எது வந்தாலும் அதைத்தான் சொல்லும்.

“அதுக்குத் தாடையே இல்லைங்க,” என்றாள் மனைவி. போர்வைக்கு வெளியே கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்தன. லென்ஸில் ஆவி படியும்போதெல்லாம் துடைத்துவிடுவது அவள் வேலை.

கீழே ஹாலில் ஒரு சூரிய அஸ்தமனம் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய சகலை, அதாவது மனைவியின் அக்கா வீட்டுக்காரர், எடுத்துப் பெரிதாக்கிப் பரிசாகக் கொடுத்தது. மூலையில் போட்டிருந்த கையெழுத்து சூரியனைவிடப் பெரியது.

அதற்குப் பக்கத்தில் கையகலத்துக்கு அவர்களுடைய கல்யாணப் போட்டோ. அவரே டைமர் வைத்து எடுத்து, அவரே கம்ப்யூட்டரில் சரிசெய்து பிரிண்ட் போட்டது.

போட்டோக்காரன் வீட்டுச் சுவரில் இன்னொருவன் எடுத்த சூரியன். தினமும் அதைப் பார்த்தபடிதான் சாப்பிட வேண்டியிருந்தது.

ஒருமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். சகலை அவர் தோளைத் தட்டினார்.

“மூஞ்சி எடுக்கிற ஆளு நீங்க சகலை. வானமெல்லாம் உங்களுக்கு எதுக்கு?”

மனைவி அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டாள். அதைவிட நன்றாக ஒன்று எடுத்து வந்தால், அதை இறக்கிவிட்டு இதை மாட்டலாம்.

இன்று முழு நிலா. இன்று இரவுச் சாப்பாட்டுக்குச் சகலை வருகிறார்.

மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்கினார்.

கேமராவின் சின்னத் திரை மேல் இருவரும் தலையோடு தலை முட்டிக் குனிந்தார்கள். தழும்புகள், சாம்பல் திட்டுகள், ஓரத்தில் குண்டூசி குத்தியதுபோல் ஒரு பள்ளம். அத்தனையும் விழுந்திருந்தன.

அவள் அந்தப் பள்ளத்தின் மேல் விரலை வைத்தாள்.

“அழகா இருக்கு. ஒண்ணும் பண்ணாம, அப்படியே பிரிண்ட் போடுங்க.”

தலையாட்டிவிட்டு அவர் கீழே ஸ்டுடியோவுக்கு ஓடினார்.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபோது விரல்கள் மரத்திருந்தன. ஆனாலும் அவை தம்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டன. அவர் மனம் வேறிடத்தில் இருந்தது. படத்தை மூடிய துணியை விலக்கியதும் சகலையின் முகம் எப்படிப் போகும்? முதலில் புருவம் ஏறும். பிறகு உதடு தொங்கும். அந்த முகத்தை அவர் அங்குலம் அங்குலமாக ரசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஹாரன் கேட்டது.

பிரிண்ட் குப்புறக் கவிழ்ந்தபடி வந்து விழுந்தது. அப்படியே சட்டத்தில் வைத்து, பின்னட்டையை அழுத்தி, துணியைப் போர்த்தினார்.

ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டுத் துணியை இழுத்தார்.

வெள்ளை.

ஓரத்திலிருந்து ஓரம்வரை, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை.

சகலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் போனார். பின்னால் வந்தார். தலையைச் சாய்த்தார்.

“பனியா, சகலை?”

ஸ்டுடியோக்காரர் தன் கைகளைப் பார்த்தார். என்ன நடந்திருக்கும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. கடைக்கு வருகிற எல்லோருக்கும் செய்வதைத்தான் அவை நிலாவுக்கும் செய்திருந்தன. தழும்புகளை எடுத்துவிட்டன. திட்டுகளை எடுத்துவிட்டன. நிறத்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டன. கடைசியில், கறுப்பாக இருந்த பின்னணியை நீக்கிவிட்டு வெள்ளை வைத்துவிட்டன.

எந்த நாட்டு அதிகாரியும் அந்தப் போட்டோவைத் திருப்பி அனுப்ப முடியாது.

சகலைக்கு வயிறு குலுங்கியது. மனைவியின் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சூரியன் இருந்த இடத்திலேயே இருந்தது.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. போர்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

“கையெழுத்துப் போட இதுல நிறைய இடம் இருக்கு அத்தான்,” என்றபடி, கணவரின் சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை உருவினாள்.

ஆனால் அத்தானிடம் அதை நீட்டவில்லை. வெள்ளைப் படத்தைத் தாண்டினாள். சூரியனையும் தாண்டினாள். கல்யாணப் போட்டோவின் முன் போய் நின்றாள்.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, கண்ணாடியின் மேல், மணப்பெண்ணின் பளிங்கு மோவாயில், மிளகளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி வைத்தாள்.

பிறகு தன் மோவாயில் இருந்த மச்சத்தை விரலால் தொட்டு, இடம் சரிதானா என்று பார்த்துக்கொண்டாள்.