செங்கமலத்தின் நடை

நடை ஆய்வுக்கூடத்தில் செங்கமலத்தின் இடுப்பிலும் முட்டியிலும் கணுக்காலிலும் ஒளிரும் பொட்டுகளை ஒட்டி நடக்கச் சொன்னார்கள். போலியோ தாக்கிய இடது தொடையை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி அவள் நடந்ததைப் பன்னிரண்டு கேமராக்கள் பதிவுசெய்தன. காலைத் தாங்கிப் பிடிக்க நல்ல காலிபர் செய்ய உதவும் என்றார்கள். கையெழுத்துப் போட்டாள்.

ஆறு மாதம் கழித்துத் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் பேய் தொடையை அழுத்தி அழுத்தி நடந்து வந்தது. தெருப் பிள்ளைகள் அதைப் போல நடந்து பழகினார்கள்.

"டேய், இந்த அக்கா பேய் மாதிரியே நடக்குறாங்கடா!"

மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போனாள்.

"நாங்க எடுத்த பதிவுல உங்க மூஞ்சி எங்கம்மா இருக்கு? வெறும் புள்ளிங்கதான்" என்றார் ஆய்வாளர் பிரசன்னா.

"மூஞ்சி இல்லாமலே எங்க தெரு கண்டுபிடிச்சிருச்சே. அழிச்சிடுங்க."

"கார்ட்டூன் கம்பெனிக்கு வித்தாச்சும்மா. இனி எங்க கையில இல்ல."

செங்கமலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் கதவு வரைக்கும் நடங்க சார். நான் பாக்குறேன்."

அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். அவள் கண்ணெடுக்காமல் அவர் கால்களையே பார்த்தாள். நாலாவது அடியில் வலக்கையும் வலக்காலும் சேர்ந்தே முன்னால் போயின. அவர் நின்றுவிட்டார்.

"ஏன் சார் நின்னுட்டீங்க? எப்பவும் போல நடங்க."